எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்கள்

பழவேற்காட்டுக் கடலோரக் குப்பங்களில் கட்டுமரம் கரையேறியதும் அதை அவிழ்த்துப் போடுவது வழக்கம். கயிற்றைத் தளர்த்தி, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, மணலில் காயவிடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும். கனத்த மரம் அலையில் தாழும். மறுபடி கடலுக்குப் போகும்போது அதே மரங்களை அடுக்கி இறுக்கிக் கட்டினால் கலம் தயார். எது நடுமரம், எது ஓரமரம், எந்த இடத்தில் எத்தனை சுற்றுக் கயிறு என்று யாரும் தாளில் எழுதி வைத்ததில்லை. அப்பன் கட்டுவதைப் பார்த்துப் பிள்ளை கட்டினான். கூனங்குப்பம், வைரவன்குப்பம், அரங்கம்குப்பம் என ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டுகளில் இன்று ஃபைபர் படகுகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆனாலும் பிரிப்பதும் பூட்டுவதும் இந்தக் கரைக்குப் பழகிப்போன வேலை.

அங்கிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் எண்ணூர். ஏரியின் தண்ணீரும் எண்ணூர்க் கழிமுகத்தின் தண்ணீரும் பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தொடர்பு உள்ளவை. 1949-ல் இந்த எண்ணூரில் வேறொரு கலம், பிரித்த நிலையில், மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. அதன் பெயர் ஆஸ்டின் ஏ40. இங்கிலாந்தின் லாங்பிரிட்ஜ் ஆலையில் பாகம் பாகமாகப் பெட்டியிலிட்டு, கப்பலேற்றி, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் பூட்டி முடித்த கார். கட்டுமரத்தைப் போல் பார்த்துப் பழகிப் பூட்டக்கூடியதல்ல அது. எந்த போல்ட் எந்தத் துளைக்கு, அதன் தலைக்கடியில் எந்த வாஷர் என்பதைத் தாள்கள் சொன்னால்தான் வேலை நடக்கும். காரும் தாளும் சேர்ந்தே வந்தன. கார்களில் சில இன்றும் ஓடுகின்றன. தாள்கள் என்ன ஆயின என்பதுதான் இப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பஞ்சாபைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர் ரகுநந்தன் சரண். சுதந்திர இந்தியாவுக்கு நவீனத் தொழில் வேண்டும் என்று பிரதமர் நேரு வற்புறுத்த, அவர் 1948 செப்டம்பர் 7-ல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். தன் மகன் அசோக்கின் பெயரை அதற்கு வைத்தார்: அசோக் மோட்டார்ஸ். தலைமை அலுவலகம் இன்றைய ராஜாஜி சாலையில், ஆலை எண்ணூரில். துறைமுகம் பக்கம், ரயில் பக்கம், பரந்த மணல்வெளி. பெட்டிகள் வந்து இறங்க இதைவிடத் தோதான இடம் அன்றைய சென்னை மாகாணத்தில் அதிகம் இல்லை.

ஏ40 அந்த நாளில் உலகமே அறிந்த கார். போர் முடிந்தபின், 1947-ல் ஆஸ்டின் நிறுவனம் கொண்டுவந்த புது வடிவம். நாலு கதவு வைத்ததற்கு டெவன் என்றும் ரெண்டு கதவு வைத்ததற்கு டார்செட் என்றும் பெயர். 1200 சிசி, நாலு சிலிண்டர், மேலே வால்வு அமைந்த இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன். கடனில் மூழ்கியிருந்த பிரிட்டன் அப்போது தன் கார்களில் பெரும்பகுதியை ஏற்றுமதிக்கே ஒதுக்கியது. முழுக் காராக அனுப்பினால் கப்பலில் இடம் அதிகம் அடைக்கும், இறக்குமதித் தீர்வையும் கூடும். பிரித்து அனுப்பினால் இரண்டும் மிச்சம்; வாங்குகிற நாட்டுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் இதே முறையில் கார் பூட்டத் தொடங்கியிருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனமும் 1948-ல்தான் பிறந்தது.

இந்த முறையில் பிழை எங்கே நுழையும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். லாங்பிரிட்ஜில் ஒரு தொழிலாளிக்குச் சந்தேகம் வந்தால், வரைபட அறை நாலு கட்டடம் தள்ளித்தான் இருக்கும், ஓடிப்போய்க் கேட்கலாம். எண்ணூரில் சந்தேகம் வந்தால் கேட்கக் கடல் கடக்க வேண்டும். அதனால் அவிழ்த்த பாகமாக ஏற்றுமதியாகும் காருக்குத் தாள்தான் எஜமான். இதே ஏ40 குடும்பத்தின் அடுத்த காரான சாமர்செட்டை ஜப்பானில் நிசான் நிறுவனம் 1952-ல் ஒப்பந்தம் போட்டு, 1953 முதல் பூட்டியது. சில ஆண்டுகளுக்குள் ஆஸ்டின் கார்களின் பாகங்களை உள்நாட்டிலேயே செய்துகொள்ளும் நிலைக்கு வந்தது. ஆஸ்டின் தந்த வரைபடங்களையும் செய்முறைகளையும் ஊன்றிப் படித்ததால் வந்த பலன் அது. எண்ணூருக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. ஆனால் வழி திரும்பிவிட்டது.

திருப்பியவர் ரகுநந்தன் சரண்தான். இந்த நாட்டுக்கு முதலில் தேவை காரல்ல, லாரியும் பஸ்ஸும் என்று அவர் கணித்தார். இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்த காலத்தில் விமான விபத்தில் மாண்டார். அவர் தொடங்கியதை மற்றப் பங்குதாரர்களும் சென்னை அரசும் முடித்துவைத்தார்கள். எண்ணூரில் பூட்டிய முதல் லேலண்ட் காமெட் டிப்பர்கள் நாலும் 1951-ல் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்கு விற்பனையாயின. 1953-ல் டாரிஃப் கமிஷன், உள்நாட்டில் பாகம் செய்யும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இனி இடமில்லை என்ற திசையில் பரிந்துரை சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நாட்டைவிட்டுப் போயின. எண்ணூர் லாரியைப் பிடித்துக்கொண்டது. லேலண்ட் பங்கு போட, நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. ஆஸ்டின் பூட்டுவது அந்த வரலாற்றின் முதல் சில பக்கங்களோடு நின்றுபோயிற்று.

லாரி பெருகியது பழவேற்காட்டையும் தொட்டது. 1806-ல் பாசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரிவரை நீண்டு, 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு ஆளுநர் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. விறகு, சுண்ணாம்புக் கிளிஞ்சல், கருவாடு, நெல் எல்லாம் பாய்மரத்திலும் கழி ஊன்றியும் கால்வாய் வழியே நகருக்குப் போயின. ரயில் ஏற்கெனவே அந்தப் போக்குவரத்தைக் குறைத்திருந்தது. 1965, 1966 புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. மிச்சமிருந்த சரக்கை லாரி எடுத்துக்கொண்டது. பழவேற்காட்டு நண்டும் இறாலும் இன்று ஐஸ் பெட்டியில் பொன்னேரி சாலையேறித்தான் சென்னைக்குப் போகின்றன.

இந்த மீன் வண்டிகளைப் பார்த்தால் போதும், நம் விஷயத்தின் மையப் பொருள் தானாக விளங்கும். பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும் குட்டியானை வண்டியில், மற்ற எல்லா இரும்பும் தாக்குப்பிடிக்கும்போது முதலில் பல்லிளிப்பது சைலன்சர். கிளாம்ப் அறுந்து, குழாய் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும் சத்தம் இந்தச் சாலையில் புதிதல்ல. பழைய காரின் கதையும் இதேதான், கொஞ்சம் நிதானமாக நடக்கும், அவ்வளவே.

புகைக்குழாய் வெளியிலிருந்து மட்டும் துருப்பிடிப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, ஆவியாக. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் அந்த ஆவி வெளியே போய்விடும். வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் தெருமுனைவரை ஓட்டி மறுபடி நிறுத்தினால், வால்பக்கத்து சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். ஆவி குளிர்ந்து உள்ளேயே தேங்கும். பழைய பெட்ரோலில் கந்தகமும் இருந்ததால் தேங்கிய நீர் அமிலமாகித் தகட்டை உள்ளிருந்தே தின்றது. வெளியே உப்புக் காற்று, உள்ளே அமிலத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இரும்புத் தகடு எத்தனை காலம் நிற்கும்? ஆசையாகப் பொத்திப் பொத்தி வைத்து, அத்தி பூத்தாற்போல் எடுத்து ஓட்டப்படும் கார்தான் இந்த நோயில் வேகமாக விழுகிறது.

விளைவு இதுதான். எழுபது வருடக் காரின் இன்ஜின் பிளாக் அதே பழைய வார்ப்பாக இருக்கலாம். கதவு, டாஷ்போர்டு, ஸ்டியரிங் எல்லாம் லாங்பிரிட்ஜிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். புகைக்குழாய் மட்டும் நிச்சயமாக அப்படி இருக்காது. அது மூன்றாவதோ நான்காவதோ குழாயாக இருக்கும். முதல் குழாய் எப்படி வளைந்திருந்தது, சைலன்சர் எவ்வளவு நீளம், எந்த இடத்தில் தொங்கியது என்று காட்ட காரிலேயே சாட்சி கிடையாது. உலோகம் சாட்சி சொல்ல முடியாத இடத்தில் தாள்தான் சாட்சி. பழைய காரை மீட்டெடுப்பவர்களுக்கு ஆலைக் கையேடு வேறெந்தப் பாகத்தையும்விட புகைக்குழாயில்தான் அதிகம் தேவைப்படுவதன் காரணம் இது.

இதற்கு மேல் லைசென்ஸ் காலம் வேறு. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. ஆஸ்டினுக்கு லண்டனிலிருந்து சைலன்சர் வரவழைப்பதெல்லாம் நடக்கிற காரியமல்ல. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினார்கள். பெரும்பாலும் கைகொடுத்தது அம்பாசிடர். அதில் இருந்த பி-சீரிஸ் இன்ஜின், ஏ40 இன்ஜினின் வழியில் வந்தது என்பதால் உறவு கொஞ்சம் உண்டு. ஆனால் உறவு இருப்பதால் சட்டை பொருந்திவிடாது. 1489 சிசி இன்ஜினுக்கான குழாயை 1200 சிசி இன்ஜினுக்கு மாட்டினால் புகை போகும், கார் ஓடும். சத்தம் மாறும், இழுவை மாறும், குழாய் சட்டத்தில் இடிக்கும். அந்தப் பட்டறைக்காரர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கைவேலைதான் இந்தக் கார்களை நாலு தசாப்தம் சாலையில் வைத்திருந்தது. ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொரு ஒட்டுவேலையும் மூல வடிவத்தை இன்னும் ஒரு படி மறைத்தது.

‘கையேடு’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஆலையிலிருந்து வெளிவரும் தாள்கள் மூன்று ஜாதி. ஆலை வரிசையில் நிற்பவனுக்கு அச்சிட்டது ஒன்று: அமெரிக்காவில் செவர்லே கார்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் போட்ட பூட்டுமுறைக் கையேடு இதற்குப் பேர்போன உதாரணம். வாடிக்கையாளரின் கண்ணில் படுவதற்காக அல்ல. ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு வேலை, படமாக. எரிபொருளும் புகைக்குழாயும் அதில் 8-ம் பிரிவு. இரண்டாவது, விற்பனையாளரின் பட்டறைக்காகப் போட்ட பழுதுநூல்: எதைக் கழட்டினால் எது வரும், எவ்வளவு இறுக்க வேண்டும், தேய்மானம் எவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்வது. மூன்றாவது உதிரிபாகப் பட்டியல். ஒரு சிறிய வளையத்துக்குக்கூட எண் கொடுத்து, பாகங்களைக் காற்றில் பிரித்து நிறுத்தியதுபோல் வரைந்த படத்தோடு வரும். பிரிட்டிஷ் கார்களைப் பொறுத்தவரை முதல் ஜாதித் தாள் கிடைப்பது அரிது. பழுதுநூலையும் பாகப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துத்தான் பூட்டுமுறையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹேன்ஸ் என்ற பெயரை மெக்கானிக்குகள் பலர் அறிவார்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் ஏடனில் இருந்த ஜான் ஹேன்ஸ், நண்பர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரைப் பிரித்துப் பூட்டிய அனுபவத்திலிருந்து 1966-ல் தன் முதல் கையேட்டை வெளியிட்டார். வீட்டுக் கொட்டகையில் வேலை செய்பவனுக்கு ஆலைநூலைவிட அது எளிது. ஆனால் ஹேன்ஸ் பிரித்தது கையில் கிடைத்த காரை. ஆலைத் தாள் சொல்வது கார் எப்படிப் பிறக்க வேண்டும் என்று நினைக்கப்பட்டதை. மூலத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் இரண்டாவதைத்தான் தேடிப் போக வேண்டும்.

சரி, அந்தத் தாள் புகைக்குழாயைப் பற்றி அப்படி என்ன சொல்லிவிடும்? இரும்புக் குழாய்தானே, வளைத்து வெல்டிங் வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மூன்று மீட்டர் நீள எஃகுக் குழாய் 200 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். இன்ஜினோ ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்து ஸ்டார்ட் ஆகும்போதும் கியர் மாற்றும்போதும் ஆடுகிறது. முன்முனை இன்ஜினோடு ஆடும், பின்முனை சட்டத்தில் தொங்கும், நடுவில் குழாய் நீண்டு சுருங்கும். அதனால்தான் வடிவமைத்தவர்கள் பின்பக்கத் தொங்கிகளில் ரப்பரோ கான்வாஸ் பட்டையோ வைத்தார்கள். படத்தில் அது சின்னக் கறுப்புத் துண்டாகத் தெரியும். பாக எண் இருக்கும். ஒப்பேற்றும் பட்டறையில் ரப்பர் கிடைக்காமல் இரும்புப் பட்டையை வைத்து நேரே வெல்டிங் அடித்தால் குழாய் அசையாது, உறுதியாகத்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து, இன்ஜினோடு குழாய் சேரும் மேனிஃபோல்டு விளிம்பில் விரிசல் விழும், அல்லது ஸ்டட் ஒடியும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் விட்டால் அதைச் சேர்ப்பது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். ஒரு ரப்பர் துண்டை விட்டதற்கு மாற்றுக் கிடைக்காத வார்ப்பை இழக்கிறோம்.

வரிசையும் முக்கியம். நல்ல பழுதுநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: எல்லாவற்றையும் தளர்வாக மாட்டு, முதலில் எதையும் இறுக்காதே. மேனிஃபோல்டு முதல் வால்குழாய் வரை தொங்கவிட்டு, சட்டத்திலிருந்தும் பின்அச்சிலிருந்தும் பிரேக் குழாயிலிருந்தும் இடைவெளி சரியா என்று பார்த்த பிறகு, முன்னிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு போ. பின்அச்சு மேலே ஏறி இறங்கும் என்பதை மறந்து, ஜாக்கியில் தூக்கித் தொங்கவிட்ட நிலையிலேயே அளவெடுத்துக் குழாய் வளைப்பவர்கள் உண்டு. நாலு பேர் ஏறி உட்கார்ந்ததும் குழாயில் அச்சு முட்டும். ஏ40-யில் தனிச் சட்டம் இருப்பதால் இந்த இடைவெளிகளைக் கண்ணால் பார்த்து எடைபோட இன்னும் வசதி. படத்தோடு ஒப்பிடவும் எளிது.

நட்டு போல்ட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948 நவம்பரில் ஒரே திருகு அளவுக்கு ஒப்புக்கொண்டன. அதற்கு முன் பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த் வகைத் திருகுகள். மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. அந்தச் சில ஆண்டுகளின் பிரிட்டிஷ் கார்களில் பழையதும் புதியதும் கலந்து வரும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ரெண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பலம் போட்டால் ஸ்டட் போச்சு. இந்த சேசிஸ் எண்ணிலிருந்து இந்த அளவு என்று பாகப் பட்டியலின் அடிக்குறிப்பில் ஒரு வரி இருந்தால், அந்த வரி ஒரு மேனிஃபோல்டைக் காப்பாற்றும்.

கையேடு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் என்று நம்புவதும் தவறு. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு ஆலையின் ஹெரால்டு இதற்கு நல்ல சான்று. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்த கார் அது. வெளியீட்டு விழாவில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையிலேயே சில நிமிடங்களில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் காட்டினார்கள். உடல் முழுக்க போல்ட் போட்டுச் சேர்க்கும் அமைப்பு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 1960-களின் இறுதியில் நாலு கதவு வைத்த ஹெரால்டை ஸ்டாண்டர்டு வெளியிட்டது. அப்படி ஒரு கார் இங்கிலாந்தில் கிடையாது. பிறகு கெசல் என்ற கார் வந்தது, அதுவும் இங்கேதான். கோவென்ட்ரியில் அச்சிட்ட நூல் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். சென்னை ஆலை தனக்கென்று போட்ட பாகப் பட்டியல்தான் பேச வேண்டும். 1980-களின் இறுதியில் ஸ்டாண்டர்டு 2000-த்தோடு உற்பத்தி நின்றது. இங்கிலாந்தில் கேடன் கிராமத்து பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஆஸ்டின் போன்ற நிறுவனங்களின் ஆவணங்களைக் காத்து, கேட்பவர்களுக்குத் தகவல் தருகிறது. சென்னையின் மூடிய ஆலைகளுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. இது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய உண்மை. கார்களைச் செய்த நகரம், செய்முறையைக் காப்பதில் அக்கறை காட்டவில்லை.

இந்த அக்கறை இப்போது சட்டத்துக்கும் தேவைப்படுகிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாக அங்கீகரிக்கிறது. ‘விஏ’ எழுத்தோடு தனிப் பதிவு எண். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 5,000. ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றங்கள் கூடாது. மூல வடிவம் எது என்று யார் சொல்வது? ஓட்டியவரின் ஞாபகமா, விற்றவரின் வாயா? ஆலைத் தாளைத் தவிர நடுநிலையான சாட்சி எதுவும் இல்லை. அதே விதிகளின் 120-ம் விதி எல்லா வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. 112-ம் விதி, புகை கீழ்நோக்கியும் இடப்பக்கமாகவும் வெளியேறக் கூடாது என்கிறது. நம் ஊரில் இடப்பக்கம்தான் நடந்துபோகிறவர்கள். ஒப்பேற்றிய வால்குழாய் இடதுபக்கம் எட்டிப் பார்த்தால் அது அழகுக் குறை மட்டுமல்ல.

எண்ணூருக்குப் போகும் வழியில் திருவொற்றியூர். அங்கே நடந்தது இதற்கு நேர்மாறான ஒன்று, மனத்துக்கு உற்சாகம் தருவது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. புல்லட் முதலில் பாகங்களாக வந்து திருவொற்றியூரில் பூட்டப்பட்டது. பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன, முழு வண்டியும் இங்கேயே ஆனது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1970-ல் அடங்கிப்போனது. திருவொற்றியூர் நிற்கவில்லை. விளைவாக, இங்கிலாந்தில் பழைய புல்லட்டை மீட்டெடுப்பவர் மாற்றுப் பாகத்துக்குத் தமிழ்நாட்டைப் பார்க்கும் நிலை வந்தது. தாளும் அச்சும் கைமாறி, பயன்பாட்டிலும் இருந்ததால்தான் அது முடிந்தது.

லேலண்டும் கடலுக்குப் போயிற்று. லாரிக்காகப் பிறந்த அசோக் லேலண்ட் டீசல் இன்ஜின்களின் கடல் வடிவங்கள் தமிழ்நாட்டு இழுவைமடி விசைப்படகுகளில் ஏறின. கரையை ஒட்டிய கடலைப் பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்குகிறது 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அதற்குள் விசைப்படகு நுழைவதாகப் பழவேற்காட்டு மீனவர்கள் சொல்லும் முறையீடு பழையது. குப்பத்து ஃபைபர் படகுகளிலோ நீண்ட தண்டு வைத்த சிறிய டீசல் இன்ஜின்கள். இத்தாலியின் லொம்பார்தினி வடிவமைப்பில் வந்தவை இந்தக் கடற்கரை முழுக்கப் பரவியிருக்கின்றன. கட்டுமரத்துக்குத் தேவைப்படாத தாள் இவற்றுக்குத் தேவை. ஆனால் இன்ஜினோடு வரும் ஆங்கில நூல் உப்புக் காற்றில் அதிக நாள் தங்குவதில்லை. பார்த்துப் பழகிய மெக்கானிக்கின் கைதான் நூலாகிறது. அந்தக் கையை மதிக்க வேண்டும். அது போனால் அதோடு அறிவும் போய்விடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தாளின் ஆயுளுக்குப் பழவேற்காட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக நெடுங்காலம் இருந்தது. இன்று அங்கே போனால் புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான். கல் நிற்கவில்லை, அதன் வரைபடங்கள் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் நிற்கின்றன. கொத்தளம் எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்று யாராவது காட்ட விரும்பினால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த உப்புக் காற்றில் இரும்பின் கதை கல்லின் கதையைவிட மோசம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர், பெருங்களத்தூர் பக்கம் பழைய ஆலைத் தொழிலாளர்களின் வீடுகளில், பரணில், தகரப் பெட்டியில், எண்ணெய்க் கறை படிந்த பாகப் பட்டியலோ பழுதுநூலோ ஒற்றைத் தாள் படமோ கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் தாத்தா பென்சிலால் கிறுக்கியிருந்தால் இன்னும் மதிப்பு. பக்கங்களைத் தெளிவாகப் படமெடுத்து ஒரு பிரதியை மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழங்கார் அமைப்பிடமோ, தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ கேட்டுப் பாருங்கள். மூலத்தை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். புகைக்குழாய்ப் பக்கத்தை முதலில் எடுங்கள். காரில் இல்லாத பாகம் அதுதான்.